மாண்ட்ரியலில் ஒரு மழலைக் கூடம்

"அம்மா, நீ வந்தாத்தான் நான் வேலைக்குப் போக முடியும். இல்லேன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட வேண்டியதுதான்!"

2023 செப்டம்பரில் ஒரு நாள் விடியற்காலை. கனடாவிலிருந்து என் மகள் போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் பறந்துவிட்டது. 'ராஜினாமா' என்ற அந்த ஒரு வார்த்தை வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

பேரனுக்கு அப்போது பத்து மாதம். பிள்ளை பெற்றவளுக்கு அந்த ஊரில் ஏறக்குறைய ஒரு வருஷம், சம்பளத்தில் ஒரு பகுதியோடு விடுமுறை கிடைக்கிறது. 2006-லிருந்து தகப்பனுக்கென்றே ஐந்து வாரம் தனியாக வேறு உண்டு. (மாப்பிள்ளை அந்த ஐந்து வாரத்தில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது தனிக்கதை!) இப்போது விடுமுறை முடியப் போகிறது. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. திருச்சியில் இருக்கும் பாட்டி புறப்பட்டாக வேண்டும். ஊறுகாய், பருப்புப் பொடி, பிள்ளை மருந்து எல்லாம் கட்டிக்கொண்டு அக்டோபரில் விமானம் ஏறினேன். ஆறு மாதம் தங்க அனுமதி.

கயிறு பிடித்த குழந்தைகள்

மாண்ட்ரியல் இருப்பது கனடாவின் கியூபெக் மாகாணத்தில். கனடா என்றால் இங்கிலீஷ் என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். இங்கே பேச்சு, கடைப் பலகை, பஸ் டிக்கெட் எல்லாமே பிரெஞ்சு! வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் சேர வேண்டும் என்று 1977-லேயே சட்டம் போட்டு விட்டார்கள்.

மகளின் வீடு பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பேட்டையில். பழைய ரயில் நிலையக் கட்டடத்தை ஒட்டிப் பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ நிலையம். வெளியே வந்தால் ழான் தலோன் வீதி. புடவைக் கடை, பஞ்சாபி இனிப்புக் கடை, இலங்கைத் தமிழர்கள் வந்து போகும் மளிகைக் கடை... முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கண்ணில் பட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. விலையைக் கேட்டதும் அந்தப் பயம் திரும்பி வந்தது!

போன நான்காம் நாள் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்த வீதியில் நடந்தேன். எதிரே ஒரு வேடிக்கை. நீளமான கயிறு ஒன்று. அதில் வளையம் வளையமாகக் கைப்பிடிகள். ஒவ்வொரு கைப்பிடியையும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை ஒன்று பிடித்திருக்கிறது. முன்னால் ஒரு பெண், பின்னால் ஒரு பெண். தேருக்கு வடம் பிடிப்பது போலக் குழந்தைகள் நடைபாதையில் ஊர்ந்து போகின்றன. கறுப்பு, வெள்ளை, மாநிறம் என்று எல்லா நிறத்திலும் முகங்கள். ஒன்று நின்று தரையில் கிடந்த சருகை எடுத்தால் மொத்த ஊர்வலமும் நிற்கிறது!

"இதுதான்மா நாங்க இடம் கேட்டுக் காத்துண்டிருக்கற மாதிரி இடம். தினம் வெளியே கூட்டிண்டு போவாங்க, குளிர் காலத்திலேயும்" என்றாள் மகள் சாயந்திரம்.

"இந்தக் குளிரிலேயா? பெத்தவ மனசு எப்படித்தான் கேக்கறதோ!" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து டாலர் வந்த கதை

மாப்பிள்ளை எதையும் கணக்கோடு சொல்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே விஷயத்தை விளக்கினார்.

1997-இல் கியூபெக் அரசு ஒரு பெரிய காரியம் செய்தது. பெற்றோர் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஐந்து டாலர் கொடுத்தால் போதும். மீதிச் செலவு அரசாங்கத்தினுடையது. அப்போது அமைச்சராக இருந்த பொலின் மாருவா என்ற பெண்மணி இதை முன்னின்று நடத்தினார். முதலில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு என்று ஆரம்பித்து, வருஷா வருஷம் வயதைக் குறைத்துக்கொண்டே வந்து, 2000-இல் கைக்குழந்தை வரைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். அதே 1997-இல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முழுநாள் பள்ளி. 2004-இல் கட்டணம் ஏழு டாலர் ஆயிற்று. நான் போயிருந்தபோது, 2024 ஜனவரியிலிருந்து, ஒன்பது டாலர் பத்து சென்ட். அந்தக் காசுக்குப் பத்து மணி நேரம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வதோடு, மத்தியானச் சாப்பாடும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் உண்டு!

"அப்புறம் என்ன, கொண்டு போய் விட வேண்டியதுதானே?" என்றேன்.

"இடம் கிடைக்கணுமே, அத்தை!" என்று சிரித்தார். ஆயிரமாயிரம் பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்களாம். வயிற்றில் குழந்தை உண்டானதுமே பெயரைப் பதிந்து வைக்கிறவர்களும் உண்டாம். 2021-இல், இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத தாய்மார்கள் ஒன்று சேர்ந்து குரல் எழுப்பியிருக்கிறார்கள். சலுகை இல்லாத இடத்தில் விட்டால் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது டாலர் முதலில் கையிலிருந்து போகும். பிறகு வரிக் கணக்கில் ஒரு பகுதி திரும்பி வருமாம்.

யாழ்ப்பாணத்து அம்மாவின் அனுபவம்

அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. துணி துவைக்கும் இயந்திரம் எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கீழே இருக்கிறது. நம் ஊர்க் குழாயடி மாதிரி, அங்கேதான் எங்கள் சிநேகிதம் பிறந்தது. 1990-இல் போருக்குத் தப்பி வந்தவர். ஷபனெல் பகுதியில் இருந்த தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்.

"அக்கா, மூத்தவளை ஒரு வீட்டிலை காசு குடுத்து விட்டிட்டுத்தான் வேலைக்குப் போனனான். தைக்கிற சம்பளத்திலை அரைவாசி அதுக்கே போயிடும். பிறகு கட்டாது எண்டு வேலையை விட்டிட்டு நாலு வருசம் வீட்டிலை இருந்தனான். இளையவனுக்கு ரெண்டு வயசு வரேக்கைதான் எங்களுக்கு அஞ்சு டொலர் இடம் கிடைச்சது. அவனைக் கொண்டு போய் விட்டிட்டு நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போனன். அந்தப் படிப்பாலைதான் ஆஸ்பத்திரிக் குசினியிலை நிரந்தர வேலை எடுத்தனான்."

"பிள்ளைகள்?" என்று கேட்டேன்.

"மூத்தவள் பள்ளிக்கூடம் போகேக்கை ரீச்சர் சொல்லுற ஒண்டும் விளங்காமல் ஒரு மூலையிலை இருந்து அழுதவள். இளையவன் முதல் நாளே வாய் ஓயாமல் கதைச்சுக்கொண்டு போனான். ரெண்டு பேரும் என்ரை பிள்ளையள்தான். வித்தியாசம் அதுதான்."

அன்று இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. என்னுடைய 'ராஜினாமா' நினைவுக்கு வந்துவிட்டது.

ஜன்னல் கம்பியில் கட்டிய புடவைத் துண்டு

1988-ஆம் வருஷம். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். மகளுக்குப் பதினான்கு மாதம். மாமியார் காலமாகிவிட்டார். அம்மா வீடோ தூரத்தில். அடுத்த தெருவில் ஒரு பெண்மணியிடம் மாதம் இவ்வளவு என்று பேசிக் குழந்தையை விட்டுப் போவேன். நல்ல மனுஷிதான். அவருக்கும் மூன்று பிள்ளைகள். அப்பளம் இட்டு விற்றுக் குடும்பம் நடத்தியவர்.

ஒரு நாள் ஜுரம் என்று பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். என் குழந்தையின் இடுப்பில் பழைய புடவைத் துண்டு ஒன்றைச் சுற்றி, மறு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். ஈரத்தில் உட்கார்ந்து, அழுது ஓய்ந்து, விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. "அடுப்பாண்ட வந்துடுதும்மா, நான் ஒருத்தி என்ன செய்ய?" என்றார் அந்தப் பெண்மணி, கையெல்லாம் உளுந்து மாவோடு.

மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் வேறு வழியும் யாரும் காட்டவில்லை. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழி இன்று பென்ஷன் வாங்குகிறாள். நான் மருந்துக் கடைக்குப் போவதற்கும் கணவரிடம் கை நீட்டுகிறேன். அவர் முகம் சுளித்ததில்லை. நீட்டுகிற கை என்னவோ என்னுடையதுதானே?

நேரில் பார்த்தேன்

பிப்ரவரி மாதம். வெளியே இடுப்பளவு பனி. மகளுக்குப் போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! அவள் குதிக்கிறாள். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"பதினஞ்சு மாசக் குழந்தையை யார் கிட்டேயோ விடறதா? இன்னும் ரெண்டு மாசம் நான் இருக்கேனே!"

"ரெண்டு மாசம் கழிச்சு? இந்த இடத்தை வேணாம்னா அப்புறம் எப்போ கிடைக்கும்னே தெரியாது. நீயே வந்து பாரும்மா. உனக்குப் பிடிக்கலேன்னா அப்புறம் பேசலாம்."

போனேன். பிரெஞ்சில் நீளமான பெயர். சுருக்கமாக சி.பி.இ. என்கிறார்கள். மழலையர் மையம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். லாபத்துக்கு நடப்பதல்ல. நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பெற்றோர்களேயாக இருக்க வேண்டுமாம். சுவரில் அந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியல். வாசலில் வரிசையாகக் குட்டிக் குட்டி பூட்ஸ், பனிக்கான முழு உடுப்பு. அதைக் குழந்தைகளே தரையில் விரித்துப் போட்டு, கையை நுழைத்து மாட்டிக்கொள்ளப் பழக்குகிறார்கள். மூன்று வயதுப் பெண் ஒன்று பத்து நிமிஷம் போராடி மாட்டிக்கொண்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நம் வீட்டில் என்ன செய்வோம்? "நகரு, நேரமாச்சு" என்று நாமே மாட்டி விட்டுவிடுவோம்!

கைக்குழந்தைகள் அறையில் பத்துக் குழந்தைகள், இரண்டு பெண்கள். என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போனது. அங்கே கம்பியும் இல்லை, புடவைத் துண்டும் இல்லை.

"ஒருத்திக்கு எத்தனை குழந்தைன்னு கேளு" என்றேன் மகளிடம். ஒன்றரை வயதுக்குக் கீழே ஐந்துக்கு ஒருவர். அதற்குமேல் நான்கு வயது வரை எட்டுக்கு ஒருவர். பிறகு பத்துக்கு ஒருவர். இது சட்டம். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் ஹைத்தி நாட்டிலிருந்து குடியேறியவர். குழந்தை வளர்ப்புக்கென்றே கல்லூரியில் படித்துப் பட்டயம் வாங்கியவர். ஒரு குழந்தைக்குச் சட்டை மாற்றும்போது கூட வாய் ஓயாமல் அதனிடம் பேசிக்கொண்டே இருந்தார். "இது இடது கை, இது வலது கை" என்கிறாராம். ஏ, பி, சி, டி எதுவும் கண்ணில் படவில்லை. "எழுத்துச் சொல்லித் தர மாட்டாங்களா?" என்றால், "விளையாட்டுதான் இந்த வயசுக்குப் படிப்பு" என்று பதில் வந்தது.

முதல் நாள் ஒரு மணி நேரம், மகளும் கூடவே. இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். நான்காம் நாள் அவள் வெளியே வந்தாள். உள்ளே பேரன் அழுகிறான், கதவுக்கு வெளியே மகள் அழுகிறாள், நான் இருவருக்கும் சேர்த்து அழுகிறேன்! இரண்டாவது வாரம், அந்த ஹைத்திப் பெண்மணியைப் பார்த்ததும் கையை நீட்டித் தாவினான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

"எல்லாம் தேன் பாகுன்னு நினைச்சுடாதீங்க, அத்தை" என்று மாப்பிள்ளை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எச்சரித்தார்.

தாய்மார் வேலைக்குப் போனதில் சந்தேகமே இல்லை. இந்தத் திட்டத்தால் 2008-இல் ஏறக்குறைய 70,000 தாய்மார்கள் கூடுதலாக வேலையில் இருந்தார்கள் என்று பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் கட்டும் வரியிலேயே அரசு செலவழித்த பணம் திரும்பி வந்துவிடுகிறது என்றும் சொன்னார்கள்.

குழந்தைகள் விஷயத்தில்தான் கருத்து பிரிகிறது. 2008-இல் வெளியான வேறொரு ஆய்வு, திட்டம் வந்த பிறகு அங்கே சிறு குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் சளி, காது வலி போன்ற நோய்களும் கூடின என்றது. கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஆனால் அது எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு. 2005-இல் வந்த இன்னோர் ஆய்வு, காப்பகங்களுக்கு உள்ளேயே போய்ப் பார்த்தது. நல்ல தரம் என்று சொல்லத்தக்கவை சுமார் நான்கில் ஒரு பங்குதான். பெரும்பாலானவை 'பரவாயில்லை' ரகம். சிலது மோசம். பெற்றோர் குழுவோடு நடக்கும் சி.பி.இ.க்கள், லாபத்துக்கு நடப்பவற்றைவிட மேலாக இருந்தன. ஐந்து டாலர் என்றதும் கூட்டம் கூடியது. இடத்தைப் பெருக்கின அவசரத்தில் படித்த ஆட்களை அதே வேகத்தில் பெருக்க முடியவில்லை.

வருத்தமான விஷயம், நல்ல இடங்கள் வசதியானவர்களின் குழந்தைகளுக்கே அதிகம் கிடைத்தன. ஆனால் பலன் யாருக்கு அதிகம் தெரியுமா? அதிகம் படிக்காத தாய்மார்களின் குழந்தைகளுக்கு! காப்பகத்துக்குப் போன அந்தக் குழந்தைகள், போகாத அதே போன்ற குழந்தைகளைவிட ஆறு, ஏழு வயதில் பள்ளியில் நன்றாகச் செய்தார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கீழ்வீட்டு அம்மாவின் இளையவனை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பேரனுக்கும் அந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை சளி. மகளும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி லீவு போட்டார்கள். நான் துளசிக் கஷாயத்தோடு நின்றேன், டாக்டர் "ஒரு வயசுக்கு மேலே ஆயிட்டதால வேணும்னா ஒரு ஸ்பூன் தேன் கொடுங்க" என்றார். இன்னொரு பக்கம், ஒரு நாள் தயிர் சாதம் ஊட்டும்போது "ஆங்கோர்!" என்றான். 'இன்னும் வேணும்' என்று பிரெஞ்சில் அர்த்தமாம்! தமிழ் மறந்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் "பாட்டி, தூக்கு" என்றுதான் கையை நீட்டினான். வீட்டில் நாம் பேசினால் அது எங்கே போகும்?

திரும்பி வந்த பிறகு

ஏப்ரலில் ஊர் வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மருமகள் ஜவுளிக் கடையில் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருவாள். குழந்தை தெரு அங்கன்வாடியில். அது நாலு மணிக்கு முன்பே மூடிவிடும். அப்புறம் பாட்டி வேலை செய்யும் வீட்டுக்கெல்லாம் குழந்தையும் கூடவே அலையும். ஆறு மாதம் முன்பு வரை நான் இதைக் கவனித்ததே இல்லை!

1975 அக்டோபர் 2-இல் ஆரம்பித்தது இந்த அங்கன்வாடித் திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேல் மையங்கள். சத்துணவும் எடை பார்ப்பதும் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. எங்கள் தெரு மையத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், இருபது குழந்தைகள். பாட்டும் கதையும் நடுவில் பதிவேடும் எடை மெஷினும். அந்தப் பெண் சலிக்காமல் செய்கிறாள். ஆனால் அவளுக்கும் இரண்டே கைகள்தான். தாயின் வேலை நேரத்துக்கும் மையத்தின் நேரத்துக்கும் பொருத்தமே இல்லை. 2022-இல் மத்திய அரசு 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்க வழி செய்திருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும் என்று 2017-லேயே சட்டத் திருத்தம் வந்தாயிற்று. கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

சகோதரிகளே, இதையெல்லாம் பாருங்கள்

குழந்தையைக் காப்பகத்தில் விடப் போகிறீர்களா? கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்.

ஒரு ஆளுக்கு எத்தனை குழந்தை என்று எண்ணிப் பாருங்கள். சொல்வதை நம்பாமல் நீங்களே எண்ணுங்கள்.

ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று மற்றத் தாய்மார்களை விசாரியுங்கள். குழந்தை ஒட்டிக்கொள்ள ஒரே முகம் வேண்டும்.

பார்த்துக்கொள்கிறவர் குழந்தையோடு பேசுகிறாரா? டி.வி.யை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறாரா?

சொல்லாமல் ஒரு நாள் போய் எட்டிப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம்.

தூங்கும் இடம், கழிப்பறை, குடிநீர், அடுப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். கை கழுவும் பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள்.

ஒரே நாளில் விட்டுவிட்டு ஓடாதீர்கள். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். முதல் வருஷம் சளி, ஜுரம் வரும். அதற்கான லீவை அம்மா மட்டுமே போட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை!

போன மாதம் ஜவுளிக் கடை மருமகள், "வேலையை விட்டுடலாமான்னு இருக்கும்மா" என்றாள். முன்பாக இருந்தால், "குழந்தைதான் முக்கியம், விட்டுடு" என்று சொல்லியிருப்பேன். "அவசரப்படாதே" என்றேன். தெருவில் இன்னும் எட்டுப் பெண்களிடம் பேசி, அங்கன்வாடியைச் சாயந்திரம் ஏழு மணி வரை திறந்து வைக்கவும், அதற்கென்று இன்னோர் ஆளைப் போடவும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எங்கள் வீட்டுத் திண்ணை இருக்கிறது. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டைப் அடித்தது நான். விரல்களுக்கு இன்னும் மறக்கவில்லை!